வேலைக்கள்ளனைப் படைத்தவர் யார்?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவரிடையே நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. கோறணமேந்து என்ற சொல் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அது சுட்டிய ஆசை ஒழியவில்லை. காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்து, கந்தோர் நாற்காலி ஒன்றில் அவனை இருத்திவிட்டால் குடும்பம் கரைசேர்ந்தது என்று எண்ணாத பெற்றோர் நம் நாட்டில் எத்தனை பேர்? அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவன் நாள் முழுவதும் என்ன செய்கிறான் என்று கேட்டவர்கள் அவர்களிலும் சிலரே.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வேறு நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் பொருளியல் அறிஞருமல்லர், அரசியல்வாதிகளுமல்லர். பத்திரிகைப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று நான்கு கட்டங்களுக்குள் படம் வரைந்து சிரிப்பு மூட்டிப் பிழைத்தவர்கள். கந்தோருக்கு ஒழுங்காக வந்து, வேலையை மட்டும் தொடாமல், சம்பளத்தோடு வீடு திரும்பும் மனிதனை, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வேலைக்கள்ளனை, அவர்கள் கதாநாயகனாக்கினார்கள். இச்சித்திரங்களைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுவோர் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நிருவாகம் எவ்வாறு உள்ளிருந்து உளுத்துப்போகிறது என்பதைத் தடித்த ஆணைக்குழு அறிக்கைகளைவிட இவை தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆயினும் இச்சிரிப்பு கடைசியில் யாருக்கு உதவியது என்ற வேறொரு கேள்வியும் உண்டு. அதையும் கேட்காமல் விடுவதற்கில்லை.

முதலில் வந்தவன் டாக்வுட் பம்ஸ்டெட். 1930 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் சிக் யங் என்ற ஓவியர் அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘புளொண்டி’ என்னும் தொடர்ச்சித்திரத்தைத் தொடங்கினார். டாக்வுட், புகையிரதக் கம்பெனிகளுக்கு அதிபதியான கோடீசுவரர் ஒருவரின் மகன். அந்தஸ்துக்கு ஒவ்வாதவள் என்று வீட்டார் கருதிய பெண்ணை விரும்பினான். பட்டினி கிடந்து அவர்களின் சம்மதத்தைப் பெற்று 1933 இல் அவளை மணந்தான். சம்மதித்த தகப்பனார் சொத்தில் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர் இலட்சக்கணக்கில் வேலையிழந்து நின்ற காலம் அது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் உல்லாசங்களைக் கண்டு சிரிக்க எவருக்கு மனம் வரும்? ஆகவே அவன் டிதர்ஸ் என்பவரின் கம்பெனியில் சம்பளக்காரனானான். அன்றுமுதல் அவன் மேசையிற் சாய்ந்து உறங்குகிறான். டிதர்ஸ் கத்துகிறார், உதைக்கிறார், வேலையை விட்டுத் துரத்துகிறார், மறுநாள் அவனே மறுபடியும் உறங்குகிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிதர்ஸ் முதலாளி. பணம் அவருடையது, நட்டமும் அவருடையது. ஆகவே அவருக்குக் கோபம் வருகிறது. உறங்குபவனும் உதைப்பவனும் நேருக்கு நேர் நின்ற காலம் அது. பின்வந்த சித்திரங்களில் இந்தக் கோபம் படிப்படியாக மறைந்துபோனதைக் காணலாம். கோபப்படுவதற்கு உரியவர் யாரென்பதே தெரியாத இடமாகக் கந்தோர் மாறிவிட்டது.

அம்மாற்றத்தை முதன்முதலில் முழுமையாக வரைந்தவர் பெல்ஜிய நாட்டு ஓவியர் அந்திரே பிராங்கென் என்பது எமது எண்ணம். ‘ஸ்பிரு’ என்பது பிரெஞ்சு மொழியில் வெளிவந்த சிறுவர் வார இதழ். 1957 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆந் திகதி இதழில், எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஓர் இளைஞனின் படம் தோன்றியது. கதையில்லை, விளக்கமில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அவனே வந்தான். யாரப்பா நீ என்று பத்திரிகாலயத்தில் உள்ளவர்கள் விசாரித்தபோது, வேலைக்கு வரச்சொன்னார்கள் என்றான். யார் சொன்னார் என்பது அவனுக்கு நினைவில்லை. என்ன வேலை என்பதும் தெரியவில்லை. அவன் பெயர் காஸ்தோன் லகாஃப். வாசகர் கடிதங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் பணி பின்னர் அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கடிதங்கள் அன்று தொடங்கிக் குவிந்தன, குவிந்துகொண்டேயிருந்தன.

எந்தக் கந்தோரையும் அறிந்தவர்கள் இந்தத் தொடக்கத்தின் உண்மையை மெச்சாமலிருக்க முடியாது. யார் நியமித்தார், எதற்காக நியமித்தார் என்று தெரியாமல் ஒருவர் ஒரு மேசையில் இருப்பதும், இருந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தால் அவர் நிலைத்துவிடுவதும், அவருக்கென ஒரு வேலை பின்னர் கண்டுபிடிக்கப்படுவதும் பெல்ஜியத்துக்கு மாத்திரம் உரிய விசேடங்கள் அல்லவே.

காஸ்தோனைச் சோம்பேறி என்பர். அஃது அரைப்பங்கு உண்மையே. உறங்குவான், காகிதங்களும் புத்தகங்களும் அடுக்கிய அறைக்குள் குகை குடைந்துகொண்டும் உறங்குவான். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாது பாடுபடுகிறவன். புதுப்புது இயந்திரங்களைச் செய்கிறான்; கட்டடமே நடுங்கும்படி ஒலிக்கும் இசைக்கருவி ஒன்றை ஆக்குகிறான்; இரசாயனக் கலவைகளைக் காய்ச்சுகிறான்; பூனையையும் கடற்பறவையையும் கந்தோருக்குள்ளே வளர்க்கிறான். அவன் செய்யாதது ஒன்றே ஒன்றுதான்: எதற்காகச் சம்பளம் பெறுகிறானோ அது. டெ மேஸ்மேகர் என்ற வர்த்தகர் ஓர் ஒப்பந்தத்தைக் கையிலே கொண்டு காலமெல்லாம் அக்கந்தோருக்கு வந்துபோகிறார். கையொப்பமிடும் தறுவாயில் காஸ்தோனின் ஏதோவொரு கண்டுபிடிப்பு வெடிக்கிறது, ஒப்பந்தம் கிழிகிறது. அந்த ஒப்பந்தம் எதைப் பற்றியது என்பது வாசகருக்குச் சொல்லப்படவேயில்லை. மேலதிகாரிகள் அதற்காக ஓடுகிறார்கள், வியர்க்கிறார்கள், தலையிலடித்துக்கொள்கிறார்கள். எதற்கென்று தெரியாத ஒரு காகிதத்துக்காகப் பதறுகிறவர்களையும், தனக்குப் பிரியமான ஒன்றைக் கையால் ஆக்கிக்கொண்டிருப்பவனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இவர்களில் வேலை செய்பவர் யார் என்று ஓவியர் நம்மைக் கேளாமற் கேட்கிறார்.

இதனை வரைந்த மனிதரின் கதை வேறு. பிராங்கென் ஓய்வென்பதை அறியாத உழைப்பாளி. வாரந்தவறாது பக்கங்களை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியில் 1961 ஆம் ஆண்டின் இறுதியில் உடலும் உள்ளமும் தளர்ந்து, தாம் நடத்திவந்த பிரதான வீரக்கதைத் தொடரை இடையில் நிறுத்த நேர்ந்தது. அந்நிலையிலும் அவர் கைவிடாத பாத்திரம் காஸ்தோன். வேலையினால் நைந்த ஒருவர் வேலை செய்யாத ஒருவனைப் பற்றிக்கொண்டு தேறினார் என்று கொள்வது பிழையாகாது.

யப்பான் தேசத்திலும் இவ்வினத்தவர் உண்டு. 1979 இல் அங்கு தொடங்கிய ஒரு தொடர்ச்சித்திரத்தின் நாயகன் கட்டடக் கம்பெனியின் கீழ்நிலை உத்தியோகத்தன். தூண்டிலே அவனுக்கு வேதம். வழியிற் கண்ட ஒரு முதியவருக்கு மீன்பிடிக்கக் கற்பிக்கிறான். அவர்தான் தன் கம்பெனியின் தலைவரென்பது பின்னரே தெரிகிறது. கந்தோரில் அவர் எசமானர், படகில் இவன் குரு. இரவு பகலாக உழைத்துத் தேய்ந்த ஒரு சமுதாயம் தன் ஏக்கத்தை இப்படிச் சிரித்துத் தணித்துக்கொண்டது.

இனி அமெரிக்கரான ஸ்கொட் அடம்ஸின் ‘டில்பேர்ட்’. 1989 ஏப்ரிலில் தொடங்கிய இச்சித்திரம் உச்சநிலையில் இரண்டாயிரம் பத்திரிகைகளில் வெளியானது. அடம்ஸ் முதலில் ஒரு வங்கியிலும் பின்னர் கலிபோர்ணியாவின் பசிபிக் பெல் தொலைபேசிக் கம்பெனியிலும் கடமையாற்றியவர். சித்திரம் தொடங்கிய பின்னும் 1995 வரை அவர் அக்கம்பெனியை விட்டு விலகவில்லை. விடியுமுன் எழுந்து கந்தோரைக் கேலிசெய்து வரைவார். விடிந்தபின் அதே கந்தோருக்குப் போவார். 1993 தொடக்கம் தமது மின்னஞ்சல் முகவரியைச் சித்திரத்திலேயே அச்சிட்டார். எங்கள் கந்தோரில் நடந்ததைக் கேளும் என்று ஊழியர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆகவே பிற்காலத்து டில்பேர்ட்டை ஒருவரின் கற்பனை என்பதிலும் ஊழியர் பலரின் கூட்டு முறைப்பாடு என்பதே பொருந்தும்.

அதில் வரும் வேலைக்கள்ளனுக்கு வாலி என்று பெயர். இராமாயணத்து வாலி தன்னை எதிர்த்து வந்தவரின் பலத்திற் பாதியைக் கவர்ந்துகொண்டான் என்பர். இந்த வாலியோ தன்னை எதிர்த்து வரும் வேலையின் பலம் முழுவதையும் உறிஞ்சிவிடும் வல்லவன். குள்ள உருவம், வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, கையில் எந்நேரமும் கோப்பிக் கிண்ணம். கூட்டம் நடந்தால் அங்கிருப்பான். கூட்டம் முடிந்தால் கோப்பி ஊற்றப் போவான்.

வாலியின் பிறப்புத்தான் இக்கட்டுரையின் மையம். அடம்ஸ் கூறியுள்ள கதை இது. பசிபிக் பெல்லில் ஆட்குறைப்பு நடந்தபோது, மிகத் தாழ்ந்த தரத்து ஊழியர் பணம் பெற்றுக்கொண்டு விலகலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. தொகை பெரிது. அடம்ஸின் சகபாடி ஒருவர் மிகுந்த அறிவாளி, விலகிப்போக விரும்பியவர். நல்ல ஊழியராக விலகினால் வெறுங்கை. கெட்ட ஊழியராக விலகினால் கைநிறையப் பணம். அவர் என்ன செய்தார்? மோசமான ஊழியராவதற்காக முழுமூச்சுடன் உழைக்கத் தொடங்கினார். வேலையைக் கெடுத்தார், மரியாதையின்றி நடந்தார், தரவரிசையின் அடிக்கு இறங்குவதற்குத் தமது மதிநுட்பம் அனைத்தையும் செலவிட்டார்.

வாசகர் இதனை ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். அம்மனிதர் சோம்பேறியல்லர். கம்பெனி வகுத்த விதியைப் படித்தறிந்து, அவ்விதி எதற்குப் பரிசளித்ததோ அதனையே செய்தவர். வேலைக்கள்ளனை அவனுடைய தாய் பெறவில்லை; ஒரு சுற்றுநிருபம் பெற்றது!

இதே உண்மையை 1995 நவம்பரில் வெளியான ஒரு சித்திரம் இன்னும் கூர்மையாகக் காட்டிற்று. கணினிக்கென எழுதப்படும் நிரல்களிற் பிழைகள் நேர்வதுண்டு. தலையில் இருபுறமும் கொம்புபோல மயிர் நிற்கும் மேலதிகாரி, பிழை ஒன்றைக் கண்டு திருத்தினால் பத்து டொலர் வெகுமதி என்று அறிவிக்கிறார். தரம் உயரும் என்பது அவர் கணக்கு. ஊழியர்கள் ஆனந்தக் கூத்தாடுகிறார்கள். வாலி தன் மேசைக்குப் போகிறான். ஒரு மோட்டார் வாகனம் வாங்குமளவுக்குப் பிழைகளை எழுதுவதற்கு. நெற்கதிரைத் தின்னும் எலிக்கு வால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், வயலில் எலி குறையுமா, வீட்டில் எலிவளர்ப்புப் பெருகுமா என்று கமக்காரரைக் கேட்டாற் சொல்வார்கள்.

இங்கே பேராசிரியர் பார்க்கின்சனை நினைவுகூராதிருக்க இயலாது. ஆங்கிலேயரான இவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் கற்பித்தவர். 1955 நவம்பரில் இலண்டன் ‘எக்கொனமிஸ்ட்’ வார இதழில் இவர் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நேரத்தையும் நிரப்பும்படி அவ்வேலை விரிகிறது என்பது அவர் கண்ட விதி. உத்தியோகத்தர் தமக்குப் போட்டியாளரை விரும்புவதில்லை, கீழ்ப்பட்டவர்களையே விரும்புகிறார்கள். கீழ்ப்பட்டவர்கள் பெருகப் பெருக ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக் கொள்கிறார்கள் என்று அதன் இயக்கத்தை அவர் விளக்கினார். 1914 இல் பிரித்தானியக் கடற்படையிற் பெரும் போர்க்கப்பல்கள் 62. 1928 இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமைக் கந்தோரின் உத்தியோகத்தர் 2,000 இலிருந்து 3,569 ஆயினர். கப்பல் குறைந்தது, கப்பலைப் பற்றி எழுதுவோர் பெருகினர்.

நமக்கு இன்னும் சுவையானது அவர் காட்டிய மற்றக் கணக்கு. குடியேற்ற நாடுகளை ஆள இலண்டனிலிருந்த கந்தோரில் 1935 இல் உத்தியோகத்தர் 372 பேர். 1947 இல் 1,139 பேர். 1948 பெப்ரவரியில் இலங்கை அவர்கள் கையை விட்டுப்போயிற்று. ஆளவேண்டிய நாடு ஒன்று குறைந்ததே, ஆட்கள் குறைந்தனரா? 1954 இல் அங்கு இருந்தவர்கள் 1,661. நம்மை ஆண்ட காலத்தில் அவர்களுக்கிருந்த வேலையைவிட, ஆளாதுவிட்ட பின்னர் கூடுதல் வேலை இருந்தது போலும்!

இவர்களெல்லாம் உறங்கினார்கள் என்று பார்க்கின்சன் கூறவில்லை. ஒவ்வொருவரும் நாள் முழுதும் மூச்சுமுட்ட உழைத்தார்கள் என்பதே அவர் வாதம். உறங்கும் டாக்வுட்டினால் ஒரு கம்பெனிக்கு ஒருவனின் சம்பளமே நட்டம். ஓடியாடி ஒருவருக்கொருவர் குறிப்பெழுதிக்கொள்ளும் ஏழு பேரினால் வரும் நட்டத்தை யார் அளப்பது? வாலி கோப்பியோடு நிற்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அவனைச் சுற்றி மும்முரமாக இயங்குவோரின் வேலை அவனுடைய சும்மாவைவிடப் பயனுடையதா என்று சித்திரத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதே கேட்கத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்து நீரிறைத்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்; ஒருவர் பட்டை பிடித்து ஊற்றுவார்; ஒருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூவரில் ஒருவர் கள்ளம் செய்தால் அந்தக் கணமே மற்ற இருவருக்கும் தெரியும். தெரியாமற் போனாலும் நாலாம் நாள் வெங்காயத் தாள் சொல்லிவிடும். அங்கே வேலைக்கள்ளனுக்கு இடமில்லாமைக்குக் காரணம் கமக்காரன் பிறவியிலேயே உத்தமன் என்பதன்று. செய்த வேலைக்கும் அதன் பலனுக்கும் இடையில் ஒரு வாய்க்காலின் தூரமே இருந்தது. கந்தோரில் அத்தூரம் பெரிது. தான் எழுதிய குறிப்பு எந்தப் பாத்தியிற் பாய்ந்தது, எந்தப் பயிர் அதனால் பிழைத்தது என்பதை ஆயுளில் ஒருமுறையேனும் கண்ட லிகிதர் எத்தனை பேர்? பலனைக் காணாதவனிடம் உழைப்பை எதிர்பார்க்கும் நிருவாகம், கையொப்ப இடாப்பையும் மணிக்கூட்டையும் நம்பி வாழவேண்டியதுதான்.

சிரிப்பு யாருக்கு உதவியது என்று முன்னர் கேட்டோம். அமெரிக்க ஓவியர் மோட் வோக்கர் 1950 இல் ‘பீட்டில் பெய்லி’ என்ற சித்திரத்தைத் தொடங்கி, மறுவருடம் தம் நாயகனை இராணுவத்திற் சேர்த்துவிட்டார். கூடாரத்திலும் மரநிழலிலும் உறங்கும் சாதாரணச் சிப்பாய் அவன். ஐம்பதுகளின் முற்பகுதியில், இராணுவத்தினருக்கென வெளியான பத்திரிகையின் தோக்கியோப் பதிப்பிலிருந்து இச்சித்திரம் நீக்கப்பட்டது. அதிகாரிகளுக்குரிய மதிப்பைக் குலைக்கிறதாம். தடைச் செய்தி பரவியது. சித்திரத்தின் புகழ் வளர்ந்தது. தளபதிகளின் புத்தியைப் பற்றி எவ்வாறாயினும் எண்ணிக்கொள்ளலாம். சிரிப்புக்கு ஒரு பலமுண்டு என்பதையாவது அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

டில்பேர்ட்டுக்கு எந்தத் தடையும் வரவில்லை. வரவேற்பு வந்தது. கம்பெனிகளின் சுவர்களில் ஊழியர் ஒட்டினார்கள். மேலதிகாரிகள் பார்த்துத் தாமும் சிரித்தார்கள். கூர்மயிர் மேலதிகாரி என்பது எப்போதும் வேறொருவரைத்தானே குறிக்கும்! 1997 இல் அடம்ஸ் பொய்ம்மீசையும் பொய்ம்மயிரும் அணிந்து, ஆலோசகர் என்ற வேடத்தில், கணினிச் சாதனங்கள் செய்யும் லொஜிரெக் கம்பெனியின் முகாமையாளர் கூட்டம் ஒன்றுக்குப் போனார். கம்பெனித் தலைமையில் இருந்த ஒருவருக்கு மட்டுமே இரகசியம் தெரியும். அவர்களுடைய குறிக்கோள் வாசகத்தை அகற்றிவிட்டு, பொருளற்ற சொற்களைக் கோத்த வேறொரு வாசகத்தை ஏற்றுக்கொள்ளச் செய்தார். எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். வேடம் கலைந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பின்னர் அவரவர் மேசைக்குத் திரும்பினார்கள். அவமானம் என்று ஒருவரும் பதவி விலகியதாகக் கேள்வியில்லை.

அதே 1997 இல் நோர்மன் சொலமன் என்ற எழுத்தாளர் டில்பேர்ட்டைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். செரொக்ஸ் போன்ற பெருங்கம்பெனிகள் தம் ஊழியருக்கான பிரசுரங்களில் இச்சித்திரத்தைப் பயன்படுத்தியதை அவர் எடுத்துக்காட்டினார். ஆயிரக்கணக்கானோரை வேலைநீக்கம் செய்யும் தலைமையை விட்டுவிட்டு, நடுமட்டத்து அதிகாரி ஒருவரின் மூடத்தனத்தை மட்டும் காட்டிச் சிரிக்கவைத்தால், அச்சிரிப்பு முதலாளிக்கே மருந்தாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் கூற்று முழுவதையும் நாம் ஏற்கவில்லை. வாலியின் பிறப்பைப் போன்ற ஒன்றைக் கண்டு சிரித்தவன் மறுநாள் சுற்றுநிருபத்தை வேறு கண்ணோடுதான் படிப்பான். எனினும் இராணுவம் அஞ்சி நீக்கிய சிரிப்புக்கும், கம்பெனி மகிழ்ந்து பகிர்ந்த சிரிப்புக்கும் வேறுபாடு உண்டென்பதை மறுக்கமுடியாது. ஊழியன் தன் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய முறைப்பாட்டைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டுத் திருப்தியடைகிறான் என்றால், அச்சுவர் முதலாளிக்குக் காவற்சுவர்.

அந்தப் படங்கள் பல பின்னர் வேறொரு காரணத்தால் இறங்கின. 2023 பெப்ரவரியில் அடம்ஸ் தமது ஒளிபரப்பில் கறுப்பின மக்களை வெறுப்புக் கூட்டமென்று பழித்து, வெள்ளையர் அவர்களைவிட்டு விலகிச் செல்லவேண்டுமென்று பேசினார். நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் டில்பேர்ட்டை நீக்கின. விநியோகித்த நிறுவனமும் தொடர்பை அறுத்தது. தக்கதே. கந்தோர்க்காரனின் சிறுமைப்பாட்டை அவ்வளவு நுண்மையாக உணர்ந்த ஒருவருக்குப் பக்கத்து வீட்டு மனிதனின் சிறுமைப்பாடு தெரியாமற் போனது விந்தை, ஆனால் புதுமையன்று.

நம் நாட்டிலே சிரிப்பையும் தொழிலையும் ஒருங்கே போற்றிய ஒருவர் இருந்தார். ‘சிரித்திரன்’ சுந்தர் தமது சஞ்சிகைக்கு வகுத்துக்கொண்ட வாக்கியம், செய்யும் தொழிலைத் தெய்வமாகவும் சிரிப்பைச் சீவியமாகவும் ஒரே மூச்சிற் சொன்னது. மேற்கத்தியச் சித்திரங்களில் முதற்பாதி இல்லை. அவற்றிலே தொழில் ஒரு சிறை. சிரிப்பு அச்சிறையின் சாளரம். கந்தோரில் இருப்பவனுக்கு அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் கந்தோருக்கு வெளியே நிற்பவன்?

இச்சித்திரங்கள் எல்லாவற்றிலும் காணாமற்போன மனிதன் அவன்தான். டாக்வுட் உறங்கியதால் எவருடைய காரியம் கெட்டது? வாலி தொடாத கோவையில் எவருடைய பெயர் இருந்தது? மேலதிகாரி வரையப்பட்டார், ஊழியன் வரையப்பட்டான், கோப்பிக் கிண்ணம் பல்லாயிரந் தடவை வரையப்பட்டது. மறுபுறத்தில் காத்திருப்பவர் அநேகமாக வரையப்படவில்லை. வரையப்பட்டிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும் என்பதே காரணம் போலும். காலை பேருந்தேறி, கையிற் பத்திரங்களைச் சுருட்டிக்கொண்டு, கச்சேரி வாங்கில் உட்கார்ந்து, நாளை வாரும் என்ற விடையோடு திரும்பும் கமக்காரனுக்கு வாலியின் படத்தைக் காட்டிப் பாருங்கள். அவன் சிரிக்கமாட்டான். அவனிடம் நகைச்சுவை உணர்வு இல்லாமையன்று. வாலியை அவன் நேரிலே கண்டிருக்கிறான்.

இப்பத்திரிகையின் வாசகரில் மேசைக்கு இப்புறம் இருப்போரும் உளர், அப்புறம் நிற்போரும் உளர். ஒரே குடும்பத்தில் அண்ணன் கந்தோரிலும் தம்பி கமத்திலும் இருப்பது நம்மிடையே சகசம். தம்பியின் கடிதம் அண்ணனுடையதைப் போன்றதொரு மேசையிற் கிடக்கிறது. அந்த மேசைக்குரியவரை உதைத்து எழுப்ப டிதர்ஸ் அங்கில்லை, சுற்றுநிருபம் இருக்கிறது. அச்சுற்றுநிருபம் கோவைகள் எத்தனை நகர்ந்தன என்று எண்ணுகிறதா, கடிதம் எழுதியவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிறதா என்பதை உத்தியோகத்தர் சங்கங்களும் கமக்காரர் சங்கங்களும் ஒரே கூட்டத்திலிருந்து கேட்ட நாள் நம் நாட்டில் எத்தனை?

பிராங்கென் 1997 சனவரியில் காலமானார். தமக்குப் பின் காஸ்தோனை வேறெவரும் வரையக்கூடாதென்பது அவர் விருப்பம். பதிப்பாளர் வேறுவிதமாக எண்ணினர். ஓவியரின் மகள் எதிர்த்தார். விடயம் நடுத்தீர்ப்புக்குப் போயிற்று. 2023 இல் பதிப்பாளருக்குச் சாதகமாக முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வேறொருவர் கைவண்ணத்தில் காஸ்தோன் மறுபடியும் கந்தோருக்கு அழைக்கப்பட்டான். இம்முறை அவனை வரச்சொன்னவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.